ராயபுரத்துச் சுவரும் மர அச்சு வால்பேப்பரும்: ஒட்டுவதா, மாட்டுவதா?

புரட்டாசி கடைசியில் ஒரு நாள் அக்கா என் போனுக்கு ஒரு படம் அனுப்பிவிட்டு, நான் பார்த்தேனா இல்லையா என்று கூடக் காத்திருக்காமல் கூப்பிட்டாள். "டேய், கூடத்துச் சுவத்துக்கு இது மாதிரி வேணும். நீதான் பிரஸ்காரன் ஆச்சே, பண்ணிக் கொடு."

படத்தில் இருந்தது ஏதோ ஓர் இங்கிலாந்து வீட்டின் சுவர். முழுக்க வில்லோ மரத்துக் கிளைகள், மெல்லிய நீள இலைகள். 1887-ல் வில்லியம் மாரிஸ் என்ற இங்கிலாந்து வடிவமைப்பாளர் வரைந்த வடிவம் அது. ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்கிற நகல் இல்லை. விரலால் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இலையின் ஓரத்தில் வண்ணம் காகிதத்தைவிட்டு ஒரு மயிரிழை எழும்பி நிற்பது தெரிந்தது. மரக்கட்டையில் செதுக்கி, நிறம் நிறமாகக் கையால் ஒற்றி எடுத்த வால்பேப்பர்.

நான் வைத்திருப்பது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. கல்யாணப் பத்திரிகை, பை, கடை ஸ்டிக்கர். அப்பா காலத்தில் ட்ரெடில் மெஷின் இருந்தது. அக்காவின் கணக்கில் அச்சு என்றால் எல்லாம் ஒரே அச்சுதான். தை மாதம் அவள் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கூடம் பளிச்சென்று இருக்க வேண்டும். சரி என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த ஒரு மாதம் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று தேடியதும், கேட்டதும், பரிசோதித்துப் பார்த்ததும்தான் கீழே இருப்பது. கடற்கரை ஓரத்துப் பழைய வீட்டில் இருக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் சுவர்

அக்கா வீடு கல்மண்டபம் பக்கம், தரைத்தளம். கூடத்துச் சுவர் 11½ அடி அகலம், 10 அடி உயரம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் யாரோ ஒரு காலத்தில் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்தக் கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அந்தக் கோடு இன்னும் அழியவில்லை. அதற்கு மேலே, பெயின்ட் பொரிந்து, விரல் பட்டால் வெள்ளைத் தூள் உதிர்கிறது.

மேஸ்திரி ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சாவியால் ஓர் இடத்தைச் சுரண்டினார். உள்ளங்கையில் விழுந்த தூளை நாக்கில் வைத்துப் பார்த்தார்! "உப்பு ஏறிக்கீது சார். மேல நீ தங்கத் தகடே ஒட்டினாலும் தள்ளிடும்."

அவர் சொன்னதன் விவரம் இதுதான். தரையிலிருந்து செங்கல் வழியாக ஓதம் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மட்டும் இருந்தால் அந்த ஈரம் சுவர் முகத்துக்கு வந்து ஆவியாகிப் போய்விடும். மேலே சிமென்டையும் பிளாஸ்டிக் பெயின்டையும் பூசியதால் வெளியே போக வழியில்லாமல் இன்னும் உயரத்துக்கு ஏறுகிறது. எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே ஈரம் காய்ந்து உப்பு படிகமாகிறது. அந்தப் படிகம் வளரும்போதுதான் மேலே இருப்பதை உடைத்துத் தள்ளுகிறது.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பாலித்தீன் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் காற்றுப் புகாமல் ஒட்டிவிடுங்கள். நான் இடுப்பு உயரத்தில் ஒன்றும் ஆள் உயரத்துக்கு மேல் ஒன்றும் ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், கீழே இருந்ததன் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். மேலே இருந்ததில் லேசான மூட்டம். எந்த வால்பேப்பர் நல்லது என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன்னால் இந்தப் பாலித்தீனிடம் கேட்டுவிடுவது நல்லது. இரண்டு தாளும் காய்ந்தே இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

அசல் மர அச்சு ரோல்

இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன் மூன்று ராத்திரி எழுந்திருக்கவில்லை. தொழில் ஆசை.

காகிதத்துக்கு முதலில் ஒரே நிறத்தில் அடிப்பூச்சு. மை என்பது டிஸ்டெம்பர்தான்: சுண்ணக்கட்டித் தூள், நிறப்பொடி, தோலிலிருந்து எடுத்த பசை. கட்டைக்குப் பேரி மரம். ஒரே பலகையாக இருந்தால் வளைந்துவிடும் என்று பின்னால் வேறு மரத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டுகிறார்கள். மெல்லிய கோடு வர வேண்டிய இடத்தில் மரம் தாங்காது, உடையும். அங்கே பித்தளைப் பட்டையை வளைத்துச் செருகுகிறார்கள். பெரிய பரப்புக்கு நிறம் விழ வேண்டிய இடத்தில் ஃபெல்ட் துணியை நிரப்புகிறார்கள், இல்லாவிட்டால் நிறம் திட்டுத்திட்டாகும். கட்டையின் மூலையில் ஊசிகள் இருக்கும். அவை காகிதத்தின் ஓரத்தில் புள்ளி வைக்கும், அடுத்த அச்சு அந்தப் புள்ளியில் போய் உட்கார வேண்டும். நாங்கள் ரெஜிஸ்டர் என்று சொல்கிறோமே, அதேதான். நான் ஸ்கிரீனில் நாலு நிறத்துக்கே திணறுகிறேன். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனைக்காக 1881-ல் மாரிஸ் வரைந்த ஒரு வடிவத்துக்கு 68 கட்டைகள் தேவைப்பட்டன.

சாதாரண ஒரு ரோலைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 52 சென்டிமீட்டர், நீளம் சுமார் 10 மீட்டர். வடிவம் 53 சென்டிமீட்டருக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்றால், ஒரு நிறத்துக்கு 19 ஒற்று. 12 நிறம் என்றால் 228 ஒற்று, ஒரு ரோலுக்கு. ஒரு நிறத்தை நீளம் முழுக்க ஒற்றி, மேலே மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, அப்புறம்தான் அடுத்த நிறம்.

மாரிஸ் 1862-ல் தன் முதல் வால்பேப்பரை வரைந்தபோது துத்தநாகத் தகட்டில் எண்ணெய் வண்ணம் வைத்து அடிக்கப் பார்த்திருக்கிறார். தேறவில்லை. பிறகு இஸ்லிங்டனில் இருந்த ஜெஃப்ரி அண்ட் கோ பட்டறையிடம் கொடுத்து, மரக்கட்டையில் அடிக்க வைத்தார். 1864-ல் அவை விற்பனைக்கு வந்தன. அத்தனை பெரிய ஆளுக்கே முதல் புரூஃப் கெட்டுப்போயிருக்கிறது என்று படித்ததில் எனக்கு ஒரு நிம்மதி.

சரி, இதை வாங்கி ஒட்டலாமா? அக்கா சுவருக்கு எத்தனை ரோல் வேண்டும் என்று பார்த்தேன். 350 சென்டிமீட்டர் அகலத்துக்கு 7 பட்டை. 10 அடி உயரத்துக்கு வடிவம் பொருந்த வேண்டுமானால் பட்டைக்கு 318 சென்டிமீட்டர். ஒரு ரோலில் 3 பட்டைதான் வரும், மீதி துண்டு. ஆக 3 ரோல். ஒன்று கூடுதலாக வாங்கி வைத்தால் 4. கூடுதல் ரோலை அப்போதே வாங்க வேண்டும், அடுத்த முறை கலக்கும் நிறம் இதே நிறமாக இருக்காது. கையால் அடித்த ரோல் ஒன்றே பல நூறு பவுண்டு. அதற்கு மேல் கப்பல் செலவு, வரி.

பணம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒட்டுகிறவர் யார்? நம் ஊரில் வால்பேப்பர் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் வினைல் ஒட்டிப் பழகியவர்கள். ஓரத்தில் பசை பிதுங்கினால் ஈரத்துணியை எடுத்து அழுத்தித் துடைப்பார்கள். பழைய முறை டிஸ்டெம்பர் அச்சில் அப்படித் துடைத்தால் இலை துணியோடு வந்துவிடும். பல ரோல்களில் ஓரப் பட்டையைக் கையால் நறுக்கி எடுத்த பிறகே ஒட்ட வேண்டும், ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பதினோரு அடிக்கும் அது தெரியும். அதைவிட, பசையும் தோல் பசையில் கலந்த நிறமும் பூஞ்சைக்கு நல்ல சாப்பாடு. இராமபாணப் பூச்சிக்கும்தான். ஓதம் இல்லாத மாடி அறை, ஏசி எப்போதும் ஓடுகிற இடம், பழக்கமான கை இந்த மூன்றும் இருந்தால் வாங்குங்கள், அதற்கு ஈடு இல்லை. அக்கா கூடத்தில் இந்த மூன்றில் ஒன்றும் இல்லை.

(பழங்காலத்து அசல் பச்சைக் காகிதம் என்று யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பச்சை நிறத்துக்கு ஆர்செனிக் கலந்தார்கள்.)

டிஜிட்டல் பிரிண்ட்

பணத்துக்கும் நேரத்துக்கும் இதுதான் சுலபம். கடையில் வடிவத்தைக் காட்டினால் சுவர் அளவுக்கு அடித்து, வந்து ஒட்டியும் கொடுக்கிறார்கள். "பிளாக் பிரிண்ட் லுக்" என்றே ஆல்பத்தில் தனிப் பக்கங்கள் இருக்கின்றன. மாமாவின் ஓட்டு இதற்குத்தான். "நாலு மணி நேர வேலை. ஏன்டா இழுக்கறீங்க?"

ஒரு மாதிரித் துண்டை வாங்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்து அக்காவிடம் காட்டினேன். சாய்வாக வெளிச்சம் விழும்போது அசல் அச்சில் நிறத்துக்கு ஒரு கரை தெரியும். கட்டை அழுந்தும்போது மை ஓரத்துக்குப் பிதுங்கி அங்கே கொஞ்சம் தடித்து நின்றுவிடும். இதில் அது இல்லை, மொழுமொழுவென்று இருந்தது. அடுத்து இன்னொன்று. கட்டையில் இருக்கும் செதுக்குப் பிசகு அசலிலும் ஒவ்வொரு முறையும் திரும்ப வரும். ஆனால் மை கூடுவதும் குறைவதும் ஒவ்வொரு ஒற்றுக்கும் வேறாக இருக்கும். இந்த டிஜிட்டலில் ஓர் இலையின் நடுவில் மை படாமல் விட்ட ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, அழகாகவே இருந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன். சரியாக 53 சென்டிமீட்டர் தள்ளி அதே திட்டு. அதற்கு மேலே இன்னும் ஒன்று.

அக்கா அதைப் பார்த்த பிறகு அவளால் அதைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை. "நீ காட்டாம இருந்திருக்கலாம்" என்றாள்.

அழகை விடுங்கள், என் ஆட்சேபம் வேறு. இவற்றில் பெரும்பாலானவை வினைல் முகம் கொண்டவை. ஓதச் சுவரில் வினைல் ஒட்டுவது, நான் டேப் போட்டு ஒட்டினேனே பாலித்தீன் தாள், அதையே சுவர் முழுக்க ஒட்டுவதுதான். பின்னால் ஈரம் நிற்கும், கறுப்புப் பூஞ்சை படரும், முன்னால் ஒரு வருஷம் வரை ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படி ஒட்டியதை உரித்தபோது பட்டியும் சேர்ந்து வந்தது. மாடியில் இருக்கிறவர்கள், வாடகை வீட்டில் ஓரிரு வருஷத்துக்கு மட்டும் வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் செய்யலாம். வினைல் இல்லாத, காற்றுப் போகும் நான்-ஓவன் தாளாகக் கேட்டு வாங்குங்கள், உரிக்கவும் சுலபம்.

என் பட்டறையிலேயே ஸ்கிரீனில் அடித்துத் தருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். ஒரு தாள் அடித்தும் கொடுத்தேன். "நல்லாத்தான்டா இருக்கு. பத்திரிகை மாதிரி இருக்கு" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சுவர் மேலேயே அச்சு

காகிதமே வேண்டாம், சுவரிலேயே கட்டையை வைத்து ஒற்றிவிடலாமே என்று பெயின்டர் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஓதத்துக்கும் இது ஒத்துவரும். சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டு, பழையபடி சுண்ணாம்பு பூசி, அதன்மேல் சுண்ணாம்பு நீரில் கலந்த நிறத்தில் வடிவம் வைத்தால் சுவர் காய்ந்துகொண்டே இருக்கும்.

துணிக்கு அச்சு வைக்கும் 6 அங்குலத் தேக்குக் கட்டை ஒன்றைக் கடன் வாங்கி, கொல்லைப்புறச் சுவரில் பார்த்தோம். முதல் ஒற்று: பூவில் மூன்று இதழ் வந்தது, இரண்டு வரவில்லை. இன்னும் அழுத்தி ஒற்றியதும் மை வழிந்தது. சுவர் கண்ணுக்குத்தான் சமம், கட்டைக்கு மேடு பள்ளம். துணி மேசையில் அடியில் மெத்தை மாதிரிப் பல மடிப்புத் துணி விரித்திருப்பார்கள், அது கட்டைக்கு விட்டுக்கொடுக்கும். சுவர் விட்டுக்கொடுக்காது, மரமும் விட்டுக்கொடுக்காது. அதோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டு 11½ அடிக்கு 10 அடி. 6 அங்குலக் கட்டை என்றால் ஒரு நிறத்துக்கு 460 ஒற்று. பெயின்டர் பத்தாவதிலேயே தோளைப் பிடித்துக்கொண்டார்.

இதே வழியில் போக ஆசைப்பட்டால் மரக்கட்டையை விட்டுவிட்டு ஸ்டென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கலை இல்லைதான், ஆனால் சுவருக்கு ஏற்றது. செலவும் குறைவு. வெள்ளம் வந்து போனாலும் திரும்ப அடித்துவிடலாம்.

துணி

ஆந்திராவில் பெடனா என்ற ஊரில் மரக்கட்டையால் அடிக்கும் மசூலிப்பட்டினம் கலம்காரித் துணி சென்னையில் தாராளமாகக் கிடைக்கிறது. கடுக்காய்த் தண்ணீரில் நனைத்த துணியில், இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த கறுப்பு, படிகாரம் சேர்த்து எடுக்கும் சிவப்பு. (அதே கடுக்காயும் வெல்லமும் நம் பழைய மெட்ராஸ் சுண்ணாம்புச் சாந்திலும் உண்டு. சுவருக்கும் சீலைக்கும் ஒரே மளிகை.)

இன்னொரு விஷயம். வால்பேப்பர் என்றாலே வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று மாமா சொன்னதும் எனக்கு இது நினைவுக்கு வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணிதான் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு தொங்கியது. அவர்கள் ஊர் நெசவாளிகள் பிழைப்புப் போகிறது என்று கொதித்ததில், இங்கிலாந்தில் 1700-லும் 1721-லும் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். துணிக்குத் தடை, காகிதத்துக்குத் தடை இல்லை. சீட்டியின் பூவையும் கொடியையும் பார்த்து வால்பேப்பரில் அடித்தார்கள். அங்கே தடை போட்ட அதே காலத்தில்தான், 1717 முதல் 1720 வரை இங்கே கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் திருவொற்றியூரில் நெசவாளர்களுக்கு ஒரு பேட்டை உண்டானது. காலெட்பேட்டை, இப்போது காலடிப்பேட்டை. மெட்ரோவில் அந்த ஸ்டேஷன் அறிவிப்பு வரும்போதெல்லாம் யாருடைய காலடி என்று யோசித்திருக்கிறேன்.

துணியின் சாதகம், ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் முடிந்தது. மழைக்காலத்தில் கழற்றி உதறி வெயிலில் போடலாம். ஏழு பேர் இருக்கிற வீட்டில், தரைத்தளத்தில், செலவும் தொல்லையும் குறைவாக இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் துணியைத்தான் சொல்வேன். அக்காவுக்கும் சொன்னேன். விரித்துப் பிடித்துப் பார்த்தாள். "ஸ்க்ரீன் மாதிரி இருக்குடா. பின்னாடி ஜன்னல் இருக்குதோன்னு தேடுவாங்க."

ஒட்டாமல் மாட்டுவது

வழி கிடைத்தது ஒரு பழைய செய்தியில். பிரான்ஸில் ரிக்ஸ்ஹைம் என்ற ஊரில் 1797 முதல் ஜூபெர் என்ற நிறுவனம் மரக்கட்டையில் வால்பேப்பர் அடிக்கிறது. அவர்கள் 1834-ல் வெளியிட்ட வட அமெரிக்கக் காட்சிகள் என்ற நீண்ட காட்சிக்கு 1,600-க்கும் மேல் கட்டைகள் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காகிதம் இப்போது அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையில் இருக்கிறது. அதைப் புதிதாக வாங்கி ஒட்டவில்லை. மேரிலாந்து மாநிலத்தில் இடிக்கப்போன ஒரு பழைய வீட்டின் சுவரிலிருந்து உரித்து எடுத்து, 1961-ல் கொண்டுவந்து மாட்டினார்கள்.

சுவரை விட்டுக் காகிதம் பிழைத்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு தேடியதில், பதினெட்டாம் நூற்றாண்டில் வசதியான வீடுகளில் நல்ல காகிதத்தை நேராகச் சுவரில் ஒட்டாத வழக்கமும் இருந்தது என்று தெரிந்தது. சுவரில் மரச்சட்டம் அடித்து, அதில் துணியை இழுத்துக் கட்டி, துணிமேல் காகிதம். சுவருக்கும் காகிதத்துக்கும் நடுவே காற்று. குளிர் நாட்டுக்காரன் தன் ஓதத்துக்குக் கண்டுபிடித்த வைத்தியம் நம் ஓதத்துக்கும் கேட்காதா என்ன?

அக்காவிடம் ஒரு கணக்குக் காட்டினேன். சுவர் முழுக்க வேண்டாம், அப்படிச் சட்டம் கட்டிய மூன்று பலகம் (பேனல்) போதும். ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6 அடி உயரம். தரையிலிருந்து இரண்டரை அடி விட்டு மேலே. அந்த இரண்டரை அடியும் பலகங்களுக்கு நடுவில் இருக்கும் இடமும் சிமென்ட் கொத்தி எடுத்த வெறும் சுண்ணாம்பு, சுவர் அங்கே தாராளமாகக் காயட்டும். அடுத்த மிக்ஜாம் வந்தால் பலகத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம்.

காகிதத்துக்குப் பருத்திக் கந்தலில் செய்த கைக்காகிதம் எடுத்தோம், புதுச்சேரியில் செய்வது. தாள் 22 அங்குலத்துக்கு 30. அதை 18-க்கு 24 ஆக, ஒட்டுவதற்கு அரை அங்குலம் விட்டு வெட்டினால், 6 அங்குலக் கட்டையில் தாளுக்கு 12 ஒற்று. பலகத்துக்கு 6 தாள். மூன்று பலகத்துக்கும் சேர்த்து ஒரு நிறத்துக்கு 216 ஒற்று. 460-க்கு இது பரவாயில்லை. தாள் தாளாக ஒட்டினால் இணைப்புத் தெரியுமே என்று கேட்பீர்கள். தெரியும். எந்திரத்தில் நீளச் சுருளாகக் காகிதம் வருவதற்கு முன்னால் எல்லா வால்பேப்பரும் அப்படித் தாள்களை ஒட்டிச் செய்ததுதான்.

கட்டை செதுக்குவதற்கு குஜராத்தில் பெத்தாப்பூர் பெயர்போன ஊர். அக்கா கேட்ட வில்லோவை அப்படியே செதுக்க எனக்கு மனசில்லை. பூவரச இலையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பினேன். இரண்டு கட்டை: ஒன்று இலைப் பரப்புக்கு, ஒன்று நரம்புக்கும் காம்புக்கும். வந்ததும் பத்து நாள் எண்ணெயில் ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் மரம் மையைக் குடிக்கும், வெடிக்கும். கட்டையின் முதுகிலிருந்து முகம்வரை சின்ன ஓட்டைகள் துளைத்திருந்தார்கள். ஒற்றும்போது அடியில் சிக்கிய காற்று அதன் வழியாகப் போய்விடும். அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் இது செய்தவனுக்கு என் தொழில் தெரியும் என்று தோன்றியது.

மையில் நான் கொஞ்சம் ஏமாற்றினேன். டிஸ்டெம்பர் வைக்கவில்லை. நிறப்பொடியை அக்ரிலிக் பைண்டரில் கெட்டியாகக் குழைத்தேன், ஈரக்காற்றுக்கு அது தாங்கும். கரை எழும்புகிறதா என்றால், டிஸ்டெம்பர் அளவுக்கு இல்லை. இது நான் தெரிந்தே விட்டுக்கொடுத்தது.

கை பழகுவதற்குள் பதினான்கு தாள் போனது. முதல் கட்டை ஒற்றிய தாளைக் காயவைத்து இரண்டாவது கட்டையை வைத்தால், வரிசையின் தொடக்கத்தில் நரம்பு இலை நடுவில் உட்கார்ந்தது, கடைசியில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஓடியது. கட்டையைத் திட்டினேன், அப்புறம்தான் உறைத்தது. ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் குடித்து விரிந்திருக்கிறது. ஆப்செட்காரர்கள் மழைக்காலத்தில் புலம்புவதும் இதற்குத்தான். அடிப்பூச்சு பூசிய தாள்களை ஒரு நாள் முழுக்க அச்சடிக்கும் அதே அறையில் விரித்துப்போட்டு வைத்த பிறகு பிசகு பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதிக்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

சட்டத்துக்கு ரீப்பர் கட்டை. கோடவுன் தெருவில் வாங்கிய காடாத் துணியை அதில் இழுத்து ஆணி அடித்தேன். முதலில் ஒரு வெற்றுக் காகிதம், அதன்மேல் அச்சுத் தாள். அப்பா இருந்திருந்தால் மைதாப் பசை காய்ச்சி, பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போட்டிருப்பார். நான் மீத்தைல் செல்லுலோஸ் பசை எடுத்துக்கொண்டேன், மைதா அளவுக்குப் பூச்சி அதைத் தேடி வராது. சட்டத்தின் பின்னால் நாலு மூலையிலும் மரத்துண்டு வைத்து, சுவருக்கும் பலகத்துக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டேன். இந்தச் சந்துக்குத்தான் இவ்வளவு பாடும். மேலும் கீழும் அதை அடைத்துவிடாதீர்கள். பல்லி போகும் என்று அக்கா சண்டை போட்டாள். போகட்டும்.

செலவு? என் கூலியைச் சேர்க்காமல், கட்டை, காகிதம், மரம், துணி, பசை எல்லாம் அந்த இறக்குமதி ரோல் ஒன்றின் விலைக்குள் அடங்கிவிட்டன. கூலி கொடுத்துச் செய்வதாக இருந்தால் டிஜிட்டலைவிடக் கட்டாயம் பல மடங்கு ஆகும். அந்த விஷயத்தில் யாரையும் ஆசை காட்டி இழுக்க நான் தயாராக இல்லை. அவசரம் என்பவர்களுக்கும் இது ஆகாது, கட்டை வருவதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

மூன்றையும் ஒரே மூச்சில் செய்யாமல் முதலில் ஒரு பலகம் மட்டும் செய்து கார்த்திகை முதல் வாரத்தில் மாட்டினோம். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அக்கா போன் பண்ணினாள். "தொங்குதுடா. வயிறு மாதிரி முன்னாடி வந்துடுச்சு." போய்ப் பார்த்தேன். காடாவும் காகிதமும் ஈரம் குடித்துத் தளர்ந்து, விரலால் தட்டினால் ஈரத் தவில் மாதிரி பொத்தென்றது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. டிஜிட்டல் மாதிரித் துண்டை மட்டும் எடுத்து டீப்பாய் மேல் வைத்திருந்தார்.

ஐந்து நாள் கழித்து வெயில் வந்தது. சாயங்காலம் போனபோது பலகம் தானாகவே விறைத்து நின்றது, தட்டினால் டண் என்றது. கழற்றிப் பின்பக்கம் பார்த்தோம். சுவரில் புதிதாக வெள்ளை உப்புப் பூத்திருந்தது. பலகத்தின் முதுகில் கையை வைத்தால் காய்ந்த காடாத் துணியின் சொரசொரப்பு, பூஞ்சை இல்லை. அக்கா துடைப்பத்தை எடுத்து வந்து சுவரில் இருந்த உப்பைக் கூட்டித் தள்ளினாள்.

"மீதி ரெண்டையும் மார்கழிக்குள்ள முடிச்சிடு" என்றாள். "அந்த காம்பு மட்டும் இன்னும் கொஞ்சம் கறுப்பா வை."